தகவல் இல்லை

நான் முதன்முதலில் களத்துக்குக் கொண்டுபோன படிவத்தின் கடைசி வரியில் மூன்று கட்டங்கள் இருந்தன. ‘மறுபடி குற்றம் இல்லை’, ‘மறுபடி சிறை’, ‘தகவல் இல்லை’. ரோனியோ மெஷினில் சுற்றி எடுத்த படிவம். விரலில் மை ஒட்டும். அப்புறம் எத்தனையோ நாடுகள், எத்தனையோ படிவங்கள். வேலையை விட்டு ஓய்வு பெற்ற அன்றும் கணினித் திரையில் வேறு பெயர்களில் அதே மூன்று கட்டங்கள்தான் இருந்தன. முதல் இரண்டைப் பற்றி அலமாரி அலமாரியாகப் புத்தகம் இருக்கிறது. மூன்றாவதை அடிக்குறிப்பில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். நானும் பல வருஷம் அப்படித்தான் நகர்ந்தேன்.

1986-இல் சமூகப்பணி முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். களப்பணிக்கு ஒரு நன்னடத்தை அலுவலரிடம் அனுப்பினார்கள். ஓய்வுபெற நாலைந்து வருஷம் இருந்தது அவருக்கு. சைக்கிள், கேரியரில் கேஸ் கட்டுகள், நெற்றியில் திருநீறு. எல்லாருக்கும் அவர் ‘ஐயா’, எனக்கும். சென்னை மத்திய சிறை அப்போது சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம், பெரிய ஆஸ்பத்திரியை ஒட்டி இருந்தது. 2006-இல் அது புழலுக்குப் போனது. பழைய கட்டடத்தை 2009-இல் இடித்தார்கள். இன்று அந்த மண்ணில் மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகள் வெள்ளைக் கோட்டோடு நடக்கிறார்கள். உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரே துடிப்பு. ஐயா விடவில்லை. “உள்ள நடக்கிறத எழுத ஆயிரம் பேர் இருக்காங்கம்மா. நீ வாசல்ல நில்லு” என்றார்.

நின்றேன். ஏழு வருஷம் முடித்து ஒருவர் வெளியே வந்தார். கையில் ஜவுளிக்கடை மஞ்சப்பை. அதில் ஒரு வேட்டி, ஒரு சட்டை, ஒரு சோப்பு டப்பா, நூல் போட்டுக் கட்டிய கடிதங்கள். வந்தவர் சாலை ஓரத்தில் அப்படியே நின்றுவிட்டார். பஸ் வருகிற வேகத்துக்கும் தன் கால் வேகத்துக்கும் கணக்குப் போடத் தெரியவில்லை. ஐயா கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். டீக்கடை பெஞ்சு காலியாகத்தான் கிடந்தது. “உக்காரலாமா சார்?” என்று கேட்டார் அவர். டீ மாஸ்டரிடம்.

அன்றைக்கே அவரோடு ஊருக்கும் போனோம். விழுப்புரம் தாண்டி ஒரு கிராமம். மனைவி சொம்பில் தண்ணீரோடு வாசலுக்கு வந்தார். மைத்துனன் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. எட்டு மணி வாக்கில் தெருவில் சைக்கிள் மணி. ஏட்டு. இறங்கக்கூட இல்லை, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி, “வந்துட்டியா? காலைல ஸ்டேஷனுக்கு வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போ” என்று சொல்லிவிட்டு மிதித்துப் போய்விட்டார்.

மூன்று மாதம் கழித்துப் படிவத்தோடு போனேன். ஆள் இல்லை. பக்கத்து ஊரில் ஒரு பம்புசெட் மோட்டார் காணாமல் போயிருந்தது. “மாமியார் வீட்டுக்குத்தான்” என்று பெட்டிக்கடைக்காரர் சிரித்தார். ‘மறுபடி சிறை’ என்பதில் டிக் அடித்து, பக்கத்தில் ‘திருட்டு’ என்று எழுதினேன். ஐயா பேனாவை வாங்கி அந்த வார்த்தையை அடித்தார். “புடிச்சிட்டுப் போனாங்கன்னு எழுது. திருடுனாரான்னு உனக்குத் தெரியுமா? எனக்கே தெரியாது.” மோட்டார் கடைசிவரை கிடைக்கவில்லை. அவர் எழுதச் சொன்னதன் எடை எனக்கு 25 வருஷம் கழித்து ஆஸ்லோவில்தான் விளங்கியது. அதற்கு வருகிறேன்.

அந்தக் காலத்தில் இந்தத் துறைக்கு வருகிறவர்களை முதலில் ஒரு கட்டுரையைப் படிக்கவைத்து நெஞ்சை உடைப்பார்கள். ராபர்ட் மார்ட்டின்சன் என்ற அமெரிக்கர் 1974-இல் எழுதியது. சீர்திருத்தத் திட்டங்களைப் பற்றிய 231 ஆய்வுகளை அவரும் அவருடைய கூட்டாளிகளும் அலசியிருந்தார்கள். கட்டுரையின் சாரமாக ஊர் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: எதுவும் பலிக்காது. செலவைக் குறைக்க நினைத்தவர்களுக்கும் தண்டனையைக் கூட்ட நினைத்தவர்களுக்கும் அது வெல்லமாக இருந்தது. 1979-இல் அதே மார்ட்டின்சன், சில திட்டங்கள் பலிக்கின்றன, நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன் என்று ஒரு சட்ட இதழில் எழுதினார். அதை யார் படித்தார்கள்? அந்த வருஷமே அவர் இறந்தும் போனார். கனடாக்காரர்கள் சிலர், ஆண்ட்ரூஸ், போன்ட்டா, ஜென்ட்ரோ போன்றவர்கள், பிடிவாதமாக எண்ணிக்கொண்டே இருந்தார்கள். யாருக்கு ஆபத்து அதிகமோ அவருக்கு அதிக உதவி, எது அவரைக் குற்றத்துக்குத் தள்ளுகிறதோ அதன்மேல் கை வை, அவருக்குப் புரிகிற விதத்தில் சொல்லிக்கொடு என்று 1990-இல் அவர்கள் எழுதியதுதான் இன்றைக்குப் பல நாட்டுச் சிறைகளில் நடைமுறை. கேட்டால் பாட்டி வைத்தியம் மாதிரி இருக்கும். ஆனால் குறைந்த ஆபத்துள்ளவரைத் தீவிரமான திட்டத்தில் கொண்டுபோய்ப் போட்டால் அவர் கெட்டுப்போகக்கூடும் என்பதை எண்ணிக் காட்டியது அவர்கள்தான். பாட்டிக்கு அது தெரியாது.

இங்கிலாந்துக்கு நான் போனது தொண்ணூறுகளில், உதவித்தொகையில். அங்கேயும் என் வேலை வாசலில் நிற்பதுதான். காலை எட்டரைக்குக் கதவு திறக்கும். வெளியே வருகிறவர் கையில் சிறைத்துறை பெயர் அச்சடித்த, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிகிற பிளாஸ்டிக் பை. மஞ்சப்பையாவது ‘கல்யாணப் பட்டுக்கு நாடுங்கள்’ என்றுதான் சொல்லும். இந்தப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால் டிரைவரிலிருந்து கைக்குழந்தைவரை தெரிந்துகொள்ளும். நான் பேட்டி கண்ட முதல் பையன் என்னிடம் கேட்டது சிகரெட் அல்ல, பணமும் அல்ல. வேறு பை இருக்கிறதா என்று கேட்டான். அதற்குப் பிறகு என் கைப்பையில் நாலைந்து சூப்பர்மார்க்கெட் பைகள் மடித்தபடி எப்போதும் இருக்கும். ஆய்வு நெறிமுறைக் குழுவின் விண்ணப்பத்தில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது.

பையோடு கொஞ்சம் பணமும் தருவார்கள். 1995-இல் அது 46 பவுண்டு. 2021 வரை அதே 46 பவுண்டு. ரொட்டி விலை, பஸ் கட்டணம், அறை வாடகை எல்லாம் ஏற ஏற அது மட்டும் அசையவில்லை. பிறகு ஒருவழியாக 76 ஆக்கினார்கள். பணத்தைவிடக் கொடுமை, வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறில் விடுதலை தேதி வந்தால் வெள்ளியன்றே விட்டுவிடுவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? அன்று மதியத்துக்குள் அவர் நன்னடத்தை அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டும், வீட்டுவசதி அலுவலகத்தில் வரிசையில் நிற்க வேண்டும், உதவித்தொகை அலுவலகத்துக்குப் போக வேண்டும், போதைப் பழக்கத்துக்கு மாற்று மருந்தாக மெத்தடோன் எடுப்பவரானால் மருந்துச் சீட்டுக்கு அலைய வேண்டும். நாலு அலுவலகம், நாலு மூலை. ஐந்து மணிக்கு எல்லாம் பூட்டு. திங்கள்கிழமை திறக்கும். நான் ஒரு வெள்ளிக்கிழமை ஒருவர் பின்னாலேயே நடந்தேன். நாலரைக்கு வீட்டுவசதி அலுவலகத்தில், “அடையாளச் சான்று?” என்றார்கள். அவர் சிறையின் விடுதலைக் காகிதத்தை நீட்டினார். அது போதாது என்றார்கள். அரசாங்கம் ஐந்து வருஷம் கைக்குள் வைத்திருந்த ஆளை அரசாங்கத்துக்கே அடையாளம் தெரியவில்லை. அன்று இரவு அவர் பழைய சிநேகிதன் வீட்டு சோபாவில் படுத்தார். எந்தச் சிநேகிதன் என்று சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமைக்கு விடுதலை விழுந்தால் இரண்டு வேலைநாள் முன்னதாகவே அனுப்பலாம் என்று சட்டம் வந்தது 2023-இல். முப்பது வருஷமாக வாசலில் நிற்கிற எந்தத் தொண்டரைக் கேட்டிருந்தாலும் ஒரே நிமிஷத்தில் சொல்லியிருப்பார். நடுவில் 2014-இல் நன்னடத்தைப் பணியின் பெரும்பகுதியை 21 கம்பெனிகளுக்குக் குத்தகைக்கு விட்டு, பலனைப் பார்த்துப் பணம் என்று ஏற்பாடு செய்து, 2021-இல் எல்லாவற்றையும் திரும்ப அரசே எடுத்துக்கொண்ட கூத்தும் நடந்தது. அதைப் பற்றி மற்றவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண் அலுவலர் அந்த ஏழு வருஷத்தில் மேசையை மாற்றவில்லை. கழுத்தில் தொங்கிய அட்டை மட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

இந்தத் தொழிலின் உண்மையான உழைப்பு பேட்டி எடுப்பதில் இல்லை. பேட்டி கொடுத்தவரை இரண்டு வருஷம் கழித்துத் தேடிக் கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது. போன் நம்பர் ஆறு மாதம் நிற்காது. முகவரி அதற்கும் குறைவு. அம்மாவின் நம்பரை வாங்கிக்கொள்ள வேண்டும். அப்பா நம்பர் உதவாது. அப்பாக்கள் எடுத்துவிட்டு, “அப்படி யாரும் இங்க இல்ல” என்பார்கள். பாட்டி இருந்தால் இன்னும் நல்லது. நம்மூரில் முடிதிருத்தும் கடைக்காரர், டீக்கடைக்காரர் இருவருக்கும் எல்லாம் தெரியும். ஆனால் அவர்களிடம் கேட்டால் நாம் தேடுவது ஊருக்கே தெரிந்துவிடும். அமெரிக்காவில் சாம்ப்சன், லாப் என்ற இருவர் ஹார்வர்டு சட்ட நூலகத்தின் நிலவறையில் தூசி படிந்து கிடந்த பெட்டிகளைத் திறந்தார்கள். பாஸ்டன் பக்கத்துக் குற்றச் சிறுவர்கள் 500 பேரைப் பற்றி க்ளூக் தம்பதி பல பத்தாண்டுகளுக்கு முன்னால் சேர்த்த விவரம். அந்தச் சிறுவர்கள் எழுபதை எட்டும் சமயத்தில் லாப் புறப்பட்டுப் போய் அவர்களில் 52 பேரைக் கண்டுபிடித்து உட்காரவைத்துப் பேசினார். கல்யாணம், ராணுவம், நிலையான வேலை என்று ஏதோ ஒன்று அவர்களைத் திருப்பியிருந்தது. அதை வைத்து அவர்கள் எழுதிய புத்தகத்தின் முடிவுகளை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அந்த 52-தான் மலைப்பு. தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

தேடுவதில் இன்னொரு சங்கடம். உருப்பட்டவர்கள் நம்மைப் பார்க்க விரும்புவதில்லை. லிவர்பூல் பக்கம் ஒரு பெண்ணின் வீட்டுக் கதவைத் தட்டினேன். மூன்று வருஷம் முன்னால் சிறையில் என்னோடு மணிக்கணக்காகப் பேசியவள். கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. உள்ளே மாமியார் குரல், “யாரது?” அவள் கண் இமைக்காமல், “சலவை மெஷின் பற்றி ஏதோ சர்வேயாம்” என்றாள். நானும் கோப்பைத் திறந்து, வாரத்துக்கு எத்தனை முறை துவைப்பீர்கள், எந்த சோப்புத்தூள் என்று பத்து நிமிஷம் கேட்டேன். மாமியார் ஆர்வமாக வந்து உட்கார்ந்து தன் கருத்தையும் சொன்னார். கிளம்பும்போது அந்தப் பெண் வாசல்வரை வந்து, “எல்லாம் நன்றாக இருக்கிறது. தயவுசெய்து இனி வராதீர்கள்” என்றாள், உதடு அசையாமல். அவளை எந்தக் கட்டத்தில் போடுவது? பேட்டி முடியவில்லை, விதிப்படி ‘தகவல் இல்லை’. எனக்கு அவளைப் பற்றி இருந்த அளவு தகவல் வேறு யாரைப் பற்றியும் இருந்ததில்லை.

யோசித்துப் பாருங்கள். மறுபடி உள்ளே போனவரைக் கண்டுபிடிப்பது சுலபம்; சிறைப் பதிவேட்டில் இருப்பார், பேச நேரமும் இருக்கும். வெளியே வேர் பிடித்தவர் நம்மிடமிருந்து நழுவிக்கொண்டே இருப்பார். எங்கள் தாள்களில் தோல்வியின் குரல் கேட்கிற அளவுக்கு மற்றது கேட்காததற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு. ஷாட் மருனா என்ற குற்றவியல் ஆய்வாளர் அதே லிவர்பூலில் திருந்தியவர்களையும் திருந்தாதவர்களையும் பேசவைத்து 2001-இல் ஒரு புத்தகம் எழுதினார். பழைய தப்புகளைச் செய்தது உண்மையான நான் இல்லை, இனி யாருக்காவது பிரயோசனமாக இருப்பேன் என்கிற மாதிரி ஒரு கதையை மீண்டவர்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்கிறார்கள் என்று காட்டினார். அந்தக் கதையில் என்னைப் போன்ற ஆள் படியேறி வருவது ஒரு கெட்ட திருப்பம்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் கொஞ்ச காலம் தமிழ்நாட்டுக்குத் திரும்பி, இளம் குற்றவாளிகளுக்கான பார்ஸ்டல் பள்ளிப் பையன்களோடு வேலை செய்தேன். அதில் ஒருவனை மறக்க முடியாது. வலது முன்கையில் ‘அமமா’ என்று பச்சை குத்தியிருந்தான். மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. “குத்துனவனுக்குத் தமிழ் வராதுக்கா. எனக்கும் வராது. வெளிய வந்து ஒரு வாத்தியார் சொல்லித்தான் தெரிஞ்சுது” என்றான். ஆறு மாதம் கழித்துப் போனபோது வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. ஒரு வருஷம் தேடினேன். ‘தகவல் இல்லை.’

நார்வே விஷயத்துக்கு வருகிறேன். ஹால்டன் சிறை 2010-இல் திறந்தது. மதிலுக்குள்ளே மரங்கள், கம்பியில்லாத ஜன்னல், ஒலிப்பதிவுக் கூடம். உலகத்துப் பத்திரிகையாளர்கள் எல்லாரும் அந்த ஒலிப்பதிவுக் கூடத்தைப் படமெடுத்துப் போட்டார்கள். நான் நூலகரோடு அரைநாள் உட்கார்ந்திருந்தேன். அவருக்குச் சம்பளம் சிறைத்துறை தருவதில்லை. ஆசிரியருக்கும் டாக்டருக்கும் அப்படியே. ஊருக்குப் படிப்பும் வைத்தியமும் தருகிற அமைப்புகளே உள்ளேயும் வந்து தருகின்றன. ஒருவர் வெளியே போனால் அவருக்கு அந்த உரிமைகள் புதிதாகத் தொடங்குவதில்லை, நடந்துகொண்டிருந்தது நடக்கிறது. காவலர்கள் சம்பளத்தோடு வருஷக்கணக்கில் படித்துவிட்டுத்தான் வேலைக்கு வருகிறார்கள். விடுதலைக்கு முன்பே வீடு, வேலை, படிப்பு, வைத்தியம், கடன் ஐந்தையும் மேசைமேல் பரப்பிப் பேசுகிறார்கள். கடனைப் பற்றிச் சிறையில் பேசிய நாட்டை நான் அங்கேதான் முதலில் பார்த்தேன். வெளியே வருகிறவருடைய முதல் சம்பளத்தைக் கடன்காரன் பிடித்துக்கொண்டால் அவர் எதற்கு வேலைக்குப் போவார்? பாஸ்தோய் தீவுச் சிறைக்குப் போகிற படகில் வேலை பார்ப்பதும் சிறைவாசிகள்தான். அந்தத் தீவில் முன்பு பையன்களுக்கான சீர்திருத்தப் பள்ளி இருந்தது. 1915-இல் பையன்கள் கலகம் செய்து, அடக்க ராணுவம் வந்தது. நார்வே பிறவியிலேயே நார்வே இல்லை என்று அந்தப் படகில் போகும்போது நினைத்துக்கொண்டேன்.

அசடு வழிந்த கதை இனிமேல்தான். 2011-இல் ஆஸ்லோவில் ஒரு கருத்தரங்கு. நான் ஒரு சிலைடு போட்டேன். நார்வே 20 சதவீதம், அமெரிக்கா 67.5 சதவீதம். பெரிய எழுத்தில், சிவப்பில். கைதட்டல்கூட வந்தது. பிறகு பின்வரிசையிலிருந்து நரைத்த தலைமுடியோடு ஒரு பெண்மணி எழுந்தார். நார்வேக்காரர்; புள்ளிவிவரம் பார்க்கிறவர். “67.5-ஐ எண்ணியது யார்? போலீஸா, நீதிமன்றமா, சிறையா?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியும். தெரிந்தேதான் விட்டிருந்தேன். அமெரிக்காவில் 15 மாநிலங்களில் 1994-இல் விடுதலையானவர்களை மூன்று வருஷம் தொடர்ந்து பார்த்த கணக்கு அது. அவர்களில் 67.5 சதவீதம் மறுபடி கைதானார்கள். மறுபடி குற்றவாளி என்று தீர்ப்பானது 46.9. புதுக் குற்றத்துக்காகச் சிறைத்தண்டனை பெற்றது 25.4. நிபந்தனை மீறியதற்காக உள்ளே போனவர்களையும் சேர்த்தால் 51.8. ஒரே கூட்டம், நாலு எண். நார்வேயின் 20 என்பதோ இரண்டே வருஷத்துக்கு, புதுத் தண்டனை பெற்றவர்களை மட்டும் எண்ணியது. தவிர, நம்மூரில் அபராதத்தோடு விடுகிற வண்டியோட்டும் குற்றத்துக்கெல்லாம் அங்கே சில வாரம் சிறைக்கு அனுப்புகிறார்கள். அப்படிப்பட்டவர்கள் அவ்வளவாகத் திரும்பி வருவதில்லை. நார்வேயின் வேலை நல்ல வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் என் சிலைடு பொய். விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் என் பேனாவைப் பிடுங்கி அடித்தாரே, அதை 25 வருஷம் கழித்துச் சிவப்பு எழுத்தில் நான் திரும்ப எழுதியிருந்தேன்.

தேநீர் இடைவேளையில் அந்த அம்மாள் பக்கத்தில் வந்து, இந்தியாவின் எண் என்ன என்று சாதாரணமாகக் கேட்டார். விடுதலையானவர்களைத் தொடர்ந்து பார்த்து நாடு முழுமைக்கும் எடுத்த எண் எங்களிடம் இல்லை என்றேன். சிறையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தீர்ப்பே வராதவர்கள் என்றும் சொன்னேன். (2022 கணக்குப்படி 75.8 சதவீதம்.) அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். “அப்படியானால் அவர்களுக்கு எதிலிருந்து மறுவாழ்வு?” என்றார். இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை.

ஜப்பானில் நான் கற்றுக்கொண்டது வேறு மாதிரி. அங்கே ‘ஹோகோஷி’ என்று ஒரு ஏற்பாடு. ஊர்ப் பெரிய மனிதர், சம்பளம் கிடையாது, கைச்செலவு மட்டும் கிடைக்கும். விடுதலையாகி வருகிறவரை மாதம் இரண்டு தடவை தன் வீட்டுக்கே வரச்சொல்லித் தேநீர் கொடுத்துப் பேசுவார். 1950-இலிருந்து இதற்குச் சட்டம் இருக்கிறது. அதன்படி 52,500 பேர்வரை இருக்கலாம். 2023-இல் 47,000-ஐ ஒட்டித்தான் இருந்தார்கள், சராசரி வயது 65. இதன் வேர் 1888-இல், ஷிஸுவோகாவில். சிறையில் திருந்தி, இனித் தப்பு செய்யமாட்டேன் என்று துணை அதிகாரியிடம் வாக்குக் கொடுத்துவிட்டு ஒருவர் ஊர் திரும்பினார். பெற்றோர் இறந்திருந்தார்கள். மனைவி வேறொருவரோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள். உறவினர் வீட்டில் படியேற்றவில்லை. திருடினால் வாக்குத் தவறும், திருடாவிட்டால் சோறில்லை. அதிகாரிக்குக் கடிதம் எழுதிவைத்துவிட்டுத் தண்ணீரில் விழுந்து உயிரை விட்டார். இதைக் கேட்டு மனம் பொறுக்காத கின்பாரா மெய்ஸென் என்ற செல்வந்தர் விடுதலையானவர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார்.

நான் போய்ப் பார்த்த ஹோகோஷி ஒரு மிட்டாய்க் கடைக்காரர், எழுபதைத் தாண்டியவர். கடைக்குப் பின்னால் வீடு. மொழிபெயர்ப்பாளரும் நானும் மூலையில் உட்கார்ந்தோம். வரவேண்டிய பையன் வந்தான், வணங்கினான், தேநீர் குடித்தான், வானிலை, கூடைப்பந்து என்று ஏதோ பேசினார்கள், முக்கால் மணி நேரத்தில் போய்விட்டான். குற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏமாற்றத்தோடு, “இன்று என்ன தெரிந்துகொண்டீர்கள்?” என்று கேட்டேன். அவர் வாசலைக் காட்டினார். “போன மாதம் ஷூவை உதறிப் போட்டுவிட்டு வந்தான். இன்று திருப்பி, வாசலைப் பார்த்து நேராக வைத்திருந்தான். எங்கோ வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டான். இன்னும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லும்போது சொல்லட்டும்.” என் கேள்வித்தாளில் 84 கேள்விகள் இருந்தன. ஷூவைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

அதற்காக ஜப்பானைத் தூக்கித் தலையில் வைக்கமாட்டேன். வாடகை வீடானாலும் வேலையானாலும் ஜாமீன் கையெழுத்துப் போட ஆள் கேட்கிற ஊர் அது. குடும்பம் கைகழுவிய கிழவருக்கு யார் போடுவார்? சாப்பாட்டுப் பொட்டலத்தைத் திருடிவிட்டு மறுபடி உள்ளே போகிற முதியவர்கள் அங்கே ஏராளம். காவலர்கள் அவர்களுக்கு டயப்பர் மாற்றுகிறார்கள். 2009-இல் இப்படிப்பட்டவர்களுக்காக மாகாணம்தோறும் மையங்கள் தொடங்கிய பிறகுதான் கொஞ்சம் பிடிமானம். 2024 மே மாதம் ஒட்ஸு நகரில் ஒரு ஹோகோஷி தன் வீட்டிலேயே கொலையுண்டார். அவர் பார்வையில் இருந்த ஆளே கைதானார். செய்தி வந்ததும் மிட்டாய்க் கடைக்காரரின் மகளுக்கு எழுதினேன். அப்பாவுக்கு வயது வரம்பு தாண்டி எப்போதோ ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் பழைய பையன்கள் வருகிறார்கள், கதவு திறந்துதான் இருக்கிறது என்று பதில் வந்தது.

சிங்கப்பூரில் மட்டும்தான் இந்த வேலையை நான் தமிழிலேயே செய்ய முடிந்தது. 2004-இல் அங்கே மஞ்சள் ரிப்பன் இயக்கம் தொடங்கியது. சிறையிலிருந்து வருகிறவனை ஏற்றுக்கொள்கிறேன் என்பதற்கு மரத்தில் மஞ்சள் ரிப்பன் கட்டுகிற பழைய அமெரிக்கப் பாட்டிலிருந்து எடுத்த அடையாளம். 1998-இல் விடுதலையானவர்களில் 44.4 சதவீதம் இரண்டு வருஷத்துக்குள் திரும்பி வந்தார்கள். பிறகு அது 25-ஐ ஒட்டி இறங்கியது. ஒரே நாடு, ஒரே விதமான எண்ணிக்கை என்பதால் இந்த ஒப்பீட்டில் கொஞ்சம் நம்பிக்கை வைக்கலாம். இந்து அறக்கட்டளை வாரியம் நடத்தும் ‘ஆஷ்ரம்’ என்ற இடைத்தங்கல் இல்லத்தில் சில வாரங்கள் போய் உட்கார்ந்தேன். பெரும்பாலும் போதைப்பொருள் வழக்குகள். வேலை கிடைப்பது அவ்வளவு கஷ்டமில்லை என்றார்கள். ஆனால் குறிப்பிட்ட நாளில் சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போக வேண்டும். “அண்ணனுக்கு எப்பவும் செவ்வாய்க்கிழமைதான் வயித்துவலி வருதுன்னு கூட வேல செய்றவங்க சிரிப்பாங்க அக்கா. முதலாளிக்குத் தெரியும், அவரு நல்லவரு. கூட இருக்கறவங்களுக்கு என்னான்னு சொல்றது?” என்றார் ஒருவர். நாற்பது வயதுக்காரர். “வீட்டுல?” என்று கேட்டேன். “அம்மாவுக்கும் செவ்வாய்க்கிழம வயித்துவலிதான்” என்றார்.

வேலை கொடுக்கிறவர்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். டெவா பேஜர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் மில்வாக்கி நகரில் இளைஞர்களை ஒரே மாதிரித் தகுதியோடு வேலை கேட்டு அனுப்பிப் பார்த்தார், 2003-இல் வெளியிட்டார். சிறைப் பதிவு இல்லாத வெள்ளையருக்கு 34 சதவீதம் அழைப்பு வந்தது. பதிவு இருந்தால் 17. பதிவில்லாத கறுப்பருக்கு 14. பதிவு இருந்தால் 5. குற்றமே செய்யாத கறுப்பரைவிடச் சிறைக்குப் போய் வந்த வெள்ளையருக்கு மவுசு. இந்த எண்களை எந்த வகுப்பில் சொன்னாலும் ஒரு நிமிஷம் யாரும் பேசமாட்டார்கள். இங்கிலாந்தில் சாவி வெட்டி, ஷூ தைக்கிற டிம்ப்சன் கடைகளில் பத்தில் ஒருவர் சிறையிலிருந்து வந்தவர். அதை நடத்திய ஜேம்ஸ் டிம்ப்சன் 2024-இல் சிறைத்துறை அமைச்சராகவே ஆனார். பூட்டுத் திறக்கத் தெரிந்தவனிடம் சாவிக்கடையைக் கொடுத்த தைரியம் யாருக்கு வரும்!

2019-இல் கும்பகோணத்தில் ஒரு உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். நான்காவது பந்தி. பரிமாறும் பையன்களை ஒருவர் அதட்டிக்கொண்டிருந்தார், வெள்ளை வேட்டி, தோளில் துண்டு; சமையல் காண்டிராக்டர். “மூணாவது எலைக்கு அப்பளம் போடு! எல காயுது பாரு!” என் இலைக்கு வந்தபோது பாயச வாளியைப் பையனிடமிருந்து தானே வாங்கினார். குனிந்து ஊற்றும்போது முன்கை கண்ணெதிரே வந்தது. பச்சை மங்கியிருந்தது. முதல் ‘ம’வின் தலைமேல், மற்ற எழுத்துகளைவிடக் கறுப்பாக, பின்னால் குத்திய ஒரு புள்ளி.

“போதுமாம்மா?” என்றார். கண் ஒரு நொடி என் முகத்தில் நின்றது.

“போதும் தம்பி.”

இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அக்கா, “தெரிஞ்சவரா?” என்று கேட்டாள். இல்லை என்றேன்.

சென்னைக்கு வந்ததும் பரணில் இருந்த பழைய பெட்டியை இறக்கினேன். பழுப்பேறிய கோப்பு. கடைசிப் பக்கம், மூன்றாவது கட்டத்தில் என் டிக். பேனாவை எடுக்கவில்லை. நூலைக் கட்டி மறுபடி மேலே ஏற்றினேன்.